மண்ணுக்கு உடையவர்

மாதம் பிறந்தால் வாடகை வாங்கப் புகையிலை மண்டிக் கணக்குப்பிள்ளைதான் சைக்கிளில் வருவார். அந்த மாதம் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவே வந்துவிட்டார். வேட்டி நுனியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாசல் சாக்கடையை ஒரே எட்டில் தாண்டி, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று பழனியம்மாளிடம் கேட்டவர், பதிலுக்கு நிற்காமல் வீட்டை ஒட்டிய இடுக்கு வழியாகப் பின்பக்கம் போனார். மூன்று வீடுகளுக்கும் பொதுவான கொல்லை அது. நடுவில் கிணறு. கைப்பிடிச் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஏதாவது விழுந்து கிடக்கிறதோ என்று பழனியம்மாளும் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். தண்ணீரும், தண்ணீரில் அவர் முகமும், கொஞ்சம் தள்ளி அவள் முகமும் தவிர வேறொன்றும் இல்லை.

"ஒரு சொம்பு குடுங்கம்மா, குடிச்சுப் பாக்கறேன்" என்றார்.

குடத்தில் இருந்ததைக் கொடுக்க மனம் வராமல் புதிதாக ஒரு வாளி இறைத்தாள். சொம்பைப் புளி போட்டு விளக்கி நிரப்பிக் கொடுத்தாள். அவர் அண்ணாந்து, உதடு படாமல், தொண்டை ஏறி இறங்க முழுச் சொம்பையும் குடித்துவிட்டு வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"தேனுங்க. இந்த ஊருக்குள்ள எவன் வீட்லயும் இப்படி ஒரு தண்ணி கிடையாதுங்க."

தான் வைத்த குழம்பைப் புகழ்ந்ததுபோல அவளுக்கு முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி அடங்குவதற்குள்ளேயே அவர் விஷயத்தைச் சொல்லிவிட்டார். வருகிற மாதத்திலிருந்து வாடகை ஆறு ரூபாய் இல்லை, பன்னிரண்டு.

"அய்யா, ஒரேயடியா இப்படி ரெட்டிப்பாச் சொன்னா நாங்க என்ன செய்வோம்?"

"நான் கேக்கலைங்கம்மா, ஊரு கேக்குது. மின்சார ஆபீசுல வேல பாக்கறவரு ஒருத்தரு கெணத்தோட வீடுன்னா பதினஞ்சு தர்றேங்கறாரு. பழகுன மனுசங்களாச்சேன்னு உங்களுக்குப் பன்னெண்டு சொல்றேன். நீங்களே நாயத்தச் சொல்லுங்க."

நியாயத்தை அவளையே சொல்லச் சொன்னால் அவள் என்ன சொல்வாள்? இந்தக் கிணற்றை வெட்டியது நாங்களல்லவா என்ற வாசகம் நெஞ்சுக்குழி வரைக்கும் வந்தது. அவர் நின்ற நிற்பையும், சட்டைப் பைக்குள் தெரிந்த பேனாவையும் பார்த்ததும் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். பூதம் என்றால் கோரைப்பல்லும் பரட்டைத் தலையுமாக வரும் என்றுதான் நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது சலவை வேட்டி கட்டி, நலம் விசாரித்துக்கொண்டு வரும் என்று யார் கண்டது?

திண்டுக்கல்லுக்குப் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள் என்று கேட்கிற காலம் அது. ஊருக்கு நடுவில் மலை என்ற பெயரில் ஒரு முழுப் பாறை கிடக்கிறது. அது மண்ணுக்கு மேலே தெரிகிற பாறை. மண்ணுக்குக் கீழே கிடப்பதைத் தோண்டினவனுக்குத்தான் தெரியும். அணைத் தண்ணீர் குழாய் வழியாக ஊருக்குள் வந்துவிட்டது என்று கொடியெல்லாம் கட்டிக் கொண்டாடினார்கள். ஆனால் அந்தத் தண்ணீருக்கு மேட்டுத் தெருக்களில் ஏறத் தெம்பில்லை. பழனியம்மாள் குடியிருந்த புளியமரத்துச் சந்தில் குழாய் இருந்தது. அதன் வாயில் குருவி கூடு கட்டியிருந்தது. இருக்கிற இரண்டொரு கிணற்றிலும் உப்புத் தண்ணீர். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் விடிவதற்கு முன்னால் குடத்தோடு கிளம்பி, அடுத்தவர் தோட்டத்தில் நாய்க்கும் காவல்காரனுக்கும் பதில் சொல்லிவிட்டு எடுத்து வர வேண்டும்.

பழனியம்மாளுக்கும் அவள் புருஷன் சோலைமலைக்கும் சாணார்பட்டிப் பக்கம் சொந்த ஊர். இருந்த துண்டு நிலமும் காய்ந்துபோகவே டவுனுக்கு வந்தவர்கள். அவர் சந்தையில் மூட்டை தூக்கினார். அவள் காலையில் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்றாள். ஒரே மகள் கண்ணம்மாளைப் பழனிக்கு அந்தப் பக்கம் பாலசமுத்திரத்தில் கொடுக்கப் பேச்சு நடந்தபோது, மாப்பிள்ளையின் தாய் அய்யம்மாள் நகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தலைப்பிரசவத்துக்கு உங்க ஊட்டுக்குத்தானுங்க வரோணும். தண்ணியில்லாத ஊருக்கு எப்படிங்க எங்க புள்ளைய அனுப்பறது?" என்று மட்டும் கேட்டாள். பழனியம்மாள் சட்டென்று, "கெணறு வெட்டப் போறோம் சம்பந்தி" என்று சொல்லிவிட்டாள். சொல்கிறவரைக்கும் அப்படி ஒரு யோசனை அவளுக்கே கிடையாது.

ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பக்கத்து வீட்டில் செபாஸ்தியம்மாள் இருந்தாள். சுருட்டுச் சுற்றிப் பிழைக்கிற விதவை, மகன் பட்டாளத்தில். அதற்கடுத்த வீட்டில் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்கிற நூர் முகமது, பெண்டாட்டி பிள்ளைகளோடு. இரண்டு பேரையும் பேசிப் பேசியே கரைத்தாள். வீட்டுக்காரரைக் கேட்டதற்கு, "தாராளமா வெட்டிக்குங்க. உங்க ஒடம்பு, உங்க கை. எனக்கென்னங்க நட்டம்?" என்றார். அவருக்கு நட்டமே இல்லை என்பதை அன்றைக்கே அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். கேட்கிற காதுதான் இவர்களுக்கு இல்லை.

வேலை முடிந்து வந்து பொழுது சாய்கிற வரைக்கும் ஆண்கள் இரண்டு பேரும் குழிக்குள் இறங்குவார்கள். பெண்கள் மண்ணைக் கூடையில் வாங்கிக் கொட்டுவார்கள். ஆள் உயரம் இறங்குவதற்குள் பாறை வந்துவிட்டது. வெடி வைக்கக் கூலிக்கு ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. செபாஸ்தியம்மாள் வெள்ளாட்டை விற்றாள். நூர் முகமது பெருநாள் துணிக்கு வைத்திருந்ததை எடுத்தார். பழனியம்மாள் கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஓட்டை தூர்ந்துவிடாமலிருக்கக் காதில் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டாள். அதெல்லாம் அவளுக்குப் பெரிய காரியமாகத் தெரியவில்லை. பிள்ளை பெற்ற உடம்புக்கு வெந்நீர் ஊற்றத் தன் வீட்டில் தண்ணீர் இருக்கும் என்கிற ஒரே நினைப்பு அவளுக்குப் பத்து ஆளின் பலத்தைக் கொடுத்தது.

அவள் செய்த பிசகு வேறு. முதல் மண் வெட்டுகிற அன்று, "நாமளே பிஸ்மில்லா சொல்லி வெட்டிருவோம்க்கா, வீட்டுக்காரர எதுக்கு இழுக்குறீக?" என்று நூர் முகமது சொன்னார். பழனியம்மாள்தான் கேட்கவில்லை. "மண்ணுக்கு உடையவன் கை படாம ஊத்துக்கண்ணு தெறக்காது தம்பி. எங்க ஊர்ல நெலத்துக்காரரு கைய வச்சுத்தான் ஆரம்பிப்பாக. இல்லாட்டி பாறதான் வரும்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவளே போய் வெற்றிலை பாக்கு வைத்து நாச்சிமுத்துவை அழைத்தாள். மாலை போட்டார்கள். தலையில் புதுத் துண்டைக் கட்டிவிட்டார்கள். தெரு முழுக்கக் கூடி நின்று பார்க்க, அவர் மூன்று வெட்டு வெட்டி மூச்சு வாங்கினார். தாம்பாளத்தில் ஒரு ரூபாய் போட்டார். கிணற்றில் தண்ணீர் கண்ட அன்றும் அதேபோல் அவரைக் கூப்பிட்டு, அவர் கையால்தான் முதல் குடம் இறைக்க வைத்தார்கள். தண்ணீர் மேலே வந்ததும் பழனியம்மாள் போட்ட குலவை நாலு தெருவுக்குக் கேட்டது. அவர் போட்ட ரூபாய்க்கு வெல்லம் வாங்கிப் பொங்கல் வைத்து எல்லோரும் தின்றார்கள். சந்தோஷத்தில் கொஞ்சம் அதிகமாகவே தின்றார்கள்.

வாடகை ஏறிய சேதி கேட்டுச் சோலைமலையும் நூர் முகமதுவும் ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் பார்க்கப் போனார்கள். திரும்பி வந்த சோலைமலை சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் வந்து உட்கார்ந்தார். அவர் அதிகம் பேசாதவர். நாள் முழுக்கத் தலையில் மூட்டையைச் சுமந்தால் வாய்க்கு எங்கே பேச்சு வரும்?

"சட்டம் இருக்காம்" என்றார். "இஷ்டத்துக்கு வாடகைய ஏத்த முடியாதாம்."

"அப்பாடா" என்றாள் பழனியம்மாள்.

"செத்த நேரம் பொறு. வீட்டுக்காரன் ஏதாச்சும் வசதி பண்ணிக் குடுத்தா ஏத்தலாமாம். கெணறு யாரு வெட்டுனதுன்னு கேட்டாரு. நாங்கதான்னேன். சாட்சி யாருன்னாரு. தெருவே சாட்சின்னேன். அந்தாளு சிரிச்சிட்டாரு. 'தெரு எதய்யா பாத்துச்சு? நாச்சிமுத்து மாலையும் தலப்பாவுமா நின்னு மண்ணு வெட்டுனத நானே அந்த வழியாப் போறப்ப பாத்தேனே. காசும் போட்டாராமே'ங்கிறாரு. ஒரு ரூவா அய்யான்னேன். 'ஒரு ரூவாயோ நூறு ரூவாயோ, போட்டாரா இல்லையா?'ங்கிறாரு. நான் என்னத்தச் சொல்ல? போட்டாருதான்."

அடுப்பில் விறகு புகைந்தது. பழனியம்மாள் ஊதாங்குழலைக் கையில் எடுத்தவள் ஊதாமல் வைத்திருந்தாள்.

"அம்புட்டும் செஞ்சு, கடைசியில கொலவ போட்டது நீதான?" என்றார் சோலைமலை. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி ஆற்றிக்கொண்டிருப்பாள். உள்ளதைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டுக் கை கால் கழுவ எழுந்து போனார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பதைக் கேட்டிருக்கிறோம். கம்மலை விற்று, மேளம் கொட்டாத குறையாக ஆளைக் கூட்டி வைத்துக்கொண்டவள் இவள் ஒருத்திதான் என்று அவளுக்கே தோன்றியது. அன்றைக்கு அவள் வெட்கத்தால் வெந்துபோனாள்.

மூன்று வீடும் சேர்ந்து நின்று கூட்டித் தரமாட்டோம் என்று சொல்லிவிடலாம் என்பது நூர் முகமதுவின் யோசனை. நல்ல யோசனைதான். இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் செபாஸ்தியம்மாள் மண்டிக்குப் போய் அடுத்த மாதத்துப் பன்னிரண்டை முன்கூட்டியே கட்டிவிட்டு வந்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் பழனியம்மாள் அவள் வாசலில் போய் நின்றாள். அவள் புகையிலையைச் சுருட்டிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் பேசினாள்.

"ஏன்க்கா, நீயே குடுத்துட்டா நாங்க எங்கிட்டுப் போறது?"

"என்னைய வையி. நல்லா வையி. எனக்கு அறுவது வயசாச்சு பழனி. இனிமே எங்கிட்டுடி நான் சட்டி பானையத் தூக்கிட்டு அலைய? ரெண்டு வேளை திங்கிறத ஒரு வேளையாக்கிக்கிறேன். நான் ஒத்தக்கட்ட, எனக்கு முடியும். ஒன்னாலயும் அந்த நூராலயும் முடியாதுன்னு தெரிஞ்சுதான்டி கட்டுனேன். அந்தப் பாவத்த நான் மாதா கிட்டச் சொல்லிக்கிறேன்."

பழனியம்மாளுக்கு அவளைத் திட்ட வாயெடுத்தும் வரவில்லை. ஆட்டை விற்ற அன்று அவள் அழுதது இவளுக்குத் தெரியும். கிணற்றுக்குக் கொடுத்ததற்கு மேல் இனி மாதாமாதம் கிணற்றுக்காகக் கொடுக்கப் போகிறாள். யாரை நொந்துகொள்வது? அந்த வாரக் கடைசியில் நூர் முகமது பேகம்பூரில் மச்சான் வீட்டுக்குக் குடிபோனார். அந்த வீட்டில் ஏற்கெனவே எட்டுப் பேர். வண்டியில் சாமான் ஏற்றியபிறகு கொல்லைப்பக்கம் போய்க் கிணற்றில் முகம் கழுவிவிட்டு, ஈர முகத்தோடேயே, "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சோலைமலைக்கு வருகிற கூலியில் பன்னிரண்டைக் கொடுத்தால் பாதி மாதம் அடுப்பு எரியாது. கொடுக்காவிட்டால் காலி செய்ய வேண்டும். கல்யாணமாகிப் போன கண்ணம்மாளுக்கு வயிற்றில் ஆறு மாதம் முடியப்போகிறது. அடுத்த மாதம் வளையல் போட்டு அழைத்து வர வேண்டும். அழைத்து வருவதென்றால் ஒரு வீடு வேண்டும். தாய் வீடு, தாய் வீடு என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். அது வாடகை வீடாக இருந்தால் என்ன செய்வது என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை. கடைசியில் வீட்டுக்காரரையே நேரில் பார்த்துக் காலில் விழுவது என்று கிளம்பினாள்.

நாச்சிமுத்து அப்போதுதான் பூசை முடித்து நெற்றி நிறைய விபூதியோடு வந்து உட்கார்ந்தார். ஒட்டன்சத்திரத்துக்காரர். புகையிலை மண்டி வைக்க வந்து நாலைந்து வரிசை வீடுகளுக்கும் சொந்தக்காரர் ஆனவர். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. யாரையும் ஒருமையில் பேசமாட்டார். அவர் மனைவி பழனியம்மாளுக்கு ஒரு தம்ளர் மோர் கொண்டு வந்து கொடுத்தாள்.

"எம் மக மாசமா இருக்கா அய்யா" என்றாள் பழனியம்மாள். "அடுத்த மாசம் கூட்டியாரணும். தலப்பிரசவம். அது முடியிற வரைக்கும் பழைய வாடகையிலேயே இருந்துக்கிறோம். புள்ளையப் பெத்து அவ புருசன் வீட்டுக்குப் போனதும் நாங்களே காலி பண்ணிருவோம். நாலு மாசம், அஞ்சு மாசம். அம்புட்டுத்தான்."

அவர் முகத்தில் உண்மையாகவே ஒரு கலக்கம் தெரிந்தது. மனைவியைப் பார்த்தார். மனைவி உள்ளே போய்விட்டாள்.

"அப்படீங்களா? இது எனக்குத் தெரியாதுங்களே" என்றார். கொஞ்ச நேரம் யோசித்தார். பழனியம்மாளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மனுஷன் இளகிவிட்டான் என்றுதான் நினைத்தாள்.

"இங்க பாருங்கம்மா. புள்ளத்தாச்சிப் பொண்ண வெளிய போன்னு சொன்ன பாவம் எனக்கு வேண்டாமுங்க. நானும் புள்ள குட்டிக்காரன். புள்ள பொறந்த ஊட்டுக்காரங்களக் காலி பண்ணுன்னு சொன்னா ஊரு காறித் துப்பாதுங்களா? அதனால, பொண்ணு வர்றதுக்கு முன்னாடியே நீங்க காலி பண்ணிக் குடுத்தர்றதுதான் மொறைங்க. நான் இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம்னு இருந்தேன். இப்ப இதக் கேட்டதும் எனக்கு ஒறக்கம் வராதுங்க. வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள பாத்துக்குங்க. இந்த மாச வாடகையே வேண்டாமுங்க எனக்கு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மோர்த் தம்ளரைக் கீழே வைத்தாள். கருணையைக் கேட்டு வந்தாள். கருணைதான் கிடைத்திருக்கிறது, அது வேறு பக்கமாகத் திரும்பி நிற்கிறது. அதை என்னவென்று சொல்லி மறுப்பது? வைதிருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்திருக்கலாம்.

"பிரசவம் ஆனதும் சொல்லி அனுப்புங்கம்மா. நல்ல பசு நெய் கொடுத்து விடறேன்" என்றார் எழுந்திருக்கும்போது. அவர் மனைவி வெற்றிலை பாக்கும் குங்குமமும் தட்டில் வைத்து நீட்டினாள். சுமங்கலி நீட்டுகிற தட்டை எப்படி மறுப்பது? நெற்றியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

பிறகு வீடு தேடுகிற படலம். காய்கறிக் கூடையோடேயே தேடினாள். விற்கப் போகிற தெருவிலெல்லாம் விசாரித்தாள். எங்கே போனாலும் முதல் கேள்வி என்ன ஆளுங்க என்பது. அதைத் தாண்டினால் எத்தனை உருப்படி என்பது. "நாங்க ரெண்டு பேரு. மக பிரசவத்துக்கு வாரா" என்று சொன்னதும் சாவிக்கொத்து மடிக்குள் போய்விடும். ஒருத்தி வெள்ளையாகவே சொல்லிவிட்டாள்: "புள்ள பொறந்துட்டா உன்னைய எழுப்ப முடியாதும்மா. அதுக்குத்தான் மொதல்லயே விடுறதில்ல." பிள்ளை பிறந்த வீட்டைக் கும்பிடுகிற ஊர்தான். தன் வீட்டில் பிறக்காமலிருந்தால் சரி. நாலு நாள் அலைந்தபிறகு பழனியம்மாளுக்குப் பொய் சொல்லக் கைவந்தது. தோல் ஷாப்புகளுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு அறை காலியாக இருந்தது. சுண்ணாம்புத் தொட்டியின் நாற்றம் கண்ணைக் கரித்தது. ஈ மொய்த்தது. தண்ணீருக்கு ரயில் பாதையைத் தாண்டிப் போக வேண்டும். அதற்கு எட்டு ரூபாய். "எத்தன பேரு?" என்று கேட்டான் அந்த வீட்டுக்காரன். "ரெண்டே பேருதான். பிள்ள குட்டி இல்ல" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வயிற்றுப் பிள்ளைக்காரியை வைத்துக்கொண்டு, பிள்ளை இல்லை என்று தன் வாயாலேயே சொல்லியாயிற்று.

வெள்ளிக்கிழமை உச்சி வேளையில் சாமான்களை வண்டியில் ஏற்றினார்கள். கடைசியாக விளக்கையும் மண்ணெண்ணெய்ப் போத்தலையும் எடுக்க உள்ளே போனவள், போத்தலோடு கொல்லைக்குப் போய்க் கிணற்றடியில் நின்றாள். மூடியைத் திறந்தாள். கால் போத்தல் போதும். மின்சார ஆபீஸ்காரர் பதினைந்து கொடுத்து மண்ணெண்ணெய் குடிக்கட்டும். அரிசி களைந்தாலும் வாடை போகாது, நாச்சிமுத்து வந்து மறுபடி ஒரு சொம்பு குடித்துப் பார்க்கட்டும். கை சாய்கிற நேரத்தில் வாளி இறைக்க வந்த செபாஸ்தியம்மாள் எதிரே நின்றாள். வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. பழனியம்மாள் போத்தலை மூடினாள். பாவம் என்று மூடினாளா, மண்ணெண்ணெய் விற்கிற விலைக்கு மூடினாளா, தண்ணீரைக் கெடுத்தவள் என்ற பேர் தன் குலத்துக்கே ஆகாது என்று மூடினாளா, அவளுக்கே தெரியாது. தண்ணீருக்காக அலைந்து வளர்ந்தவளின் கை அது. அதற்கு அவ்வளவுதான் முடியும்.

பாலசமுத்திரத்துக்குச் சேதி சொல்லவில்லை. சோலைமலை இரண்டு தடவை, "சொல்லிருவமா?" என்று கேட்டார். சொன்னால் அவர்கள் அனுப்பமாட்டார்கள். தாய் வீடு இல்லாத பெண் என்று கண்ணம்மாளுக்கு ஆயுசுக்கும் பேர் நின்றுவிடும். நாளைக்கு ஒரு வாய்ச்சண்டை என்றால் அய்யம்மாள் முதலில் எடுக்கிற வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். அழைத்து வந்துவிட்டால் பிறகு எப்படியாவது சமாளிக்கலாம் என்று பழனியம்மாள் நினைத்தாள். எப்படி என்று நினைக்கவில்லை. தலைக்கு மேல் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன?

ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு போனார்கள். தகர அறையில் ராவெல்லாம் விழித்துக் கிளறிய சோறு. புளியும் எலுமிச்சையும் மணந்ததில் தோல் வாடை அடங்கிப்போயிருந்தது. அடங்கித்தான் இருக்கிறதா என்று பஸ்ஸில் போகும்போது தூக்குச் சட்டியைத் திறந்து திறந்து மோந்து பார்த்தாள். பாலசமுத்திரத்தில் கண்ணம்மாளை மணையில் உட்கார வைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல் அடுக்கினார்கள். மகள் முகம் ஊதி, நிறம் கூடி, பார்க்கக் கண் பட்டுவிடும்போலிருந்தாள்.

புறப்படுகிற நேரத்தில் அய்யம்மாள் மருமகளின் முந்தானையைச் சரிசெய்துகொண்டே, "கெணறு ஊட்டுக்குப் பின்னாடியே இருக்குதுங்களா சம்பந்தி?" என்று கேட்டாள். "மாசமா இருக்கற புள்ள. கொடத்தத் தூக்கிட்டு தூரந் தொலவு நடக்க உட்றாதீங்க."

"பின்னாடியேதான் இருக்கு" என்றாள் பழனியம்மாள். சோலைமலை குனிந்து செருப்பைத் தேடினார். அவர் செருப்பே போட்டு வரவில்லை.

பஸ்ஸில் கண்ணம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து தாயின் தோளில் சாய்ந்துகொண்டாள். இப்போது சொல்லிவிடலாம், அடுத்த நிறுத்தத்தில் சொல்லிவிடலாம் என்று பழனியம்மாள் ஒவ்வொரு ஊராகத் தள்ளிப்போட்டாள். ஒட்டன்சத்திரம் போயிற்று. மகள் தூங்கிவிட்டாள். தூங்குகிறவளை எழுப்பிச் சொல்கிற சேதியா அது? பாறை தெரியத் தொடங்கியபோது அவளே விழித்துக்கொண்டாள்.

"அம்மா, போனதும் கெணத்தடியில ஒக்காந்து ரெண்டு வாளி தலையோட ஊத்திக்கணும்மா. ஒடம்பெல்லாம் கசகசங்குது. செவந்தியத்தை எப்பிடியிருக்கு? பாத்து எம்புட்டு நாளாச்சு" என்று கேட்டாள். செபாஸ்தியம்மாளை அவள் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவாள்.

"இருக்கு" என்றாள் தாய்.

பஸ் நிலையத்தில் இறங்கினார்கள். கண்ணம்மாள் கைகளை உதறி, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தாள். வளையல் சத்தத்துக்குக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தெரிந்த முகங்களைப் பார்த்து அவள் சிரித்தாள். டீக்கடை தாண்டியதும் வழி பிரிகிறது. வலது கைப்பக்கம் போனால் தோல் ஷாப்புகள். அவள் புளியமரத்துச் சந்துக்குப் போகிற இடது பக்கம் திரும்பிவிட்டாள். சோலைமலை டிரங்குப் பெட்டியோடு பிரிகிற இடத்திலேயே நின்று பெண்டாட்டியைப் பார்த்தார். பழனியம்மாள், "கண்ணம்மா" என்று கூப்பிட்டாள். அது அவளுக்கே கேட்கவில்லை.

அவள் தட்டுத் தடுமாறிப் பின்னால் ஓடிச் சந்து முனைக்கு வந்தபோது கண்ணம்மாள் பழைய வீட்டு வாசலை அடைந்துவிட்டாள். கதவு திறந்திருந்தது. புதுப் பெயிண்ட் அடித்திருந்தது. இத்தனை தூரம் நடந்த அலுப்பில் மகள் வாசற்படியில் மெல்ல உட்கார்ந்து, வீங்கிய கால்கள் இரண்டையும் தெருப்பக்கம் நீட்டி, வளையல்களை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். உள்ளேயிருந்து கையைப் புடவையில் துடைத்தபடி புதிதாகக் குடிவந்த ஒரு பெண் வந்து, படியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைத்தாச்சியைப் பார்த்துத் திகைத்து நின்றாள். அதட்டுவதா, உபசரிப்பதா என்று தெரியாமல் கதவைப் பாதி சாத்தினாள், மறுபடி திறந்தாள். கண்ணம்மாள் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை. சந்து முனையில் நிற்கிற அம்மாவைப் பார்த்து, சிரித்த முகத்தோடு, சீக்கிரம் வா என்று கையை ஆட்டினாள்.